டிராகாபல்ட் மக்கர் பண்ணுகிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

டிராகாபல்ட், 2019 நவம்பர் 15 அன்று வெளிவந்த போக்கிமான் சோர்ட், ஷீல்ட் ஆட்டங்களில் அறிமுகமான டிராகன்–கோஸ்ட் வகைப் பிராணி. ட்ரீப்பி, ட்ராக்லோக், டிராகாபல்ட் என்று மூன்று படி. கொம்பிலுள்ள துளைகளில் குட்டி ட்ரீப்பிகளை அடைத்து வைத்து, சண்டை வந்தால் ஏவுகணை மாதிரி விடும். அடிப்படைப் புள்ளிகள் மொத்தம் 600. அதில் வேகம் மட்டும் 142, அட்டாக் 120, ஸ்பெஷல் அட்டாக் 100. ஆனால் டிஃபென்ஸும் ஸ்பெஷல் டிஃபென்ஸும் வெறும் 75.

"இது ஓவர்ரேட்டட்" என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவை பிராணியின் குறை இல்லை. சம்மரி திரையைப் பார்த்தாலே விடை அங்கே இருக்கும். மூவை (சண்டையில் பயன்படுத்தும் வித்தையை) மாற்றுவதற்கு முன்னால் மூன்று இடங்களைப் பாருங்கள்: எபிலிட்டியின் (இயல்பான சிறப்புத் திறனின்) பெயர், நேச்சரால் (குணத்தால்) எந்தப் புள்ளிக்கு மேல் அம்பு எதற்குக் கீழ் அம்பு, பிறகு ஸ்பீட் என்ற இடத்தில் இருக்கும் எண். கீழே சொல்லும் பாதிக் கோளாறுகள் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

ட்ரீப்பி கண்ணிலேயே படவில்லை

சோர்ட், ஷீல்டில் வைல்ட் ஏரியாவின் வடமேற்குப் பக்கம் இருக்கும் லேக் ஆஃப் அவுட்ரேஜுக்குப் போக வேண்டும். ரோட்டம் பைக் தண்ணீரில் ஓடும் வசதி கிடைக்கும் வரை அந்தக் கரைக்கு வழியே கிடையாது. அந்த வசதி ரூட் 9-இல்தான் வரும். அதற்கு முன்னால் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அங்கே போயும் கிடைக்காததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, ட்ரீப்பி புல்வெளியில் நடமாடும் உருவமாகத் தெரியாது. புல்லுக்குள் ஆச்சரியக்குறி மட்டும் எழும்பும், அதன் மேல் ஏறினால்தான் வரும். கண்ணுக்குத் தெரிகிற பெரிய உருவங்களைத் துரத்திக்கொண்டிருந்தால் காலம் முழுக்கத் துரத்த வேண்டியதுதான். இரண்டு, வானிலை. மேப்பைத் திறந்து அந்த ஏரியின் மேல் வெயில் சின்னம் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். இடிமழை, அடர்ந்த மூடுபனி போன்ற மோசமான வானிலையில்தான் வரும். அப்போதும் 1, 2 சதவீதம்தான் வாய்ப்பு. பொறுமை இல்லாதவர்கள் நண்பரிடம் ஒன்றை வாங்கி, பெரும்பாலான பிராணிகளோடு ஜோடி சேரும் டிட்டோவோடு சேர்த்து முட்டை எடுப்பதே புத்திசாலித்தனம். முட்டை பொரிய நிறைய நடக்க வேண்டும். ஃபிளேம் பாடி எபிலிட்டி உள்ள ஒன்றைக் கூட வைத்துக்கொண்டால் பாதி நடைதான்.

அடுத்து வந்த ஸ்கார்லெட், வயலெட் ஆட்டங்களில் உருவம் வெளியில் தெரியும். ஆனால் அரை மீட்டர் உயரம்தான், சட்டென்று கண்ணில் படாது. போக்கிடெக்ஸில் அது ஏற்கெனவே பதிவாகியிருந்தால் வாழிடத்தைத் திறந்து வரைபடத்தில் பாருங்கள். பிறகு டிராகன் அல்லது கோஸ்ட் என்கவுன்டர் பவர் தரும் சாண்ட்விச் சாப்பிட்டால் அடுத்த 30 நிமிடத்துக்கு அந்த வகைப் பிராணிகள் கூடுதலாக வரும். இரண்டில் எது? நீங்கள் நிற்கும் இடத்தில் எந்த வகைப் பிராணிகள் குறைவோ அதைத் தேர்ந்தெடுங்கள். போட்டி குறைந்தால் ட்ரீப்பிக்கு இடம் கிடைக்கும்.

பிடிக்கப் போனால் செத்து விழுகிறது, இல்லையென்றால் அடியே படவில்லை

பிடிப்பதற்கென்றே எல்லோரும் வைத்திருக்கும் ஃபால்ஸ் ஸ்வைப் இங்கே செல்லாது. அது நார்மல் வகை மூவ். ட்ரீப்பி பாதி கோஸ்ட், அதனால் அடி ஊடுருவிப் போய்விடும். உடனே கோபத்தில் வேறு பலமான மூவை அடித்தால் ஒரே அடியில் சாய்ந்துவிடும், ஏனென்றால் அதன் எச்பி (உயிர்ப் புள்ளி) அடிப்படை வெறும் 28.

வரிசை இப்படி இருக்கட்டும். முதல் டர்னிலேயே (சண்டைச் சுற்றிலேயே) க்விக் பால் என்ற பிடிக்கும் பந்து ஒன்று. பிடிபடவில்லையென்றால் சோக் தெரிந்த ஒன்றை இறக்கி அதை முழு வாட்டர் வகையாக்குங்கள். இப்போது ஃபால்ஸ் ஸ்வைப் படும், எச்பி 1-இல் நிற்கும். அடுத்து தூங்க வையுங்கள், தூக்கம் பிடிக்கும் வாய்ப்பை இரண்டரை மடங்காக்கும். பாரலிசிஸ் என்றால் ஒன்றரை மடங்குதான். ராத்திரியோ குகையோ என்றால் டஸ்க் பால். விஷமும் தீப்புண்ணும் வேண்டாம், ஒவ்வொரு டர்னும் எச்பியைத் தின்று கடைசியில் அதையே கொன்றுவிடும்.

லெவல் தாண்டியும் உருமாறவில்லை

ட்ரீப்பி 50-இல் ட்ராக்லோக், ட்ராக்லோக் 60-இல் டிராகாபல்ட். போக்கிமானிலேயே மிகத் தாமதமாக உருமாறும் வரிசைகளில் இது ஒன்று. உருமாற்றம் லெவலைப் பார்த்து நடப்பதில்லை, லெவல் ஏறும் அந்தக் கணத்தில்தான் நடக்கும். இதைப் பிடித்துக்கொண்டால் பின்வரும் குழப்பங்கள் தெளிந்துவிடும்.

- காட்டில் பிடித்த ட்ரீப்பி ஏற்கெனவே 50-க்கு மேல் இருக்கிறது, ஆனால் ட்ரீப்பியாகவே நிற்கிறது. இன்னும் ஒரு லெவல் ஏற்றுங்கள், மாறிவிடும்.
- லெவல் 1 குட்டிக்கு எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) தரும் கேண்டியில் எக்ஸ்எல் அளவு ஒன்பதை ஒரே மூச்சில் கொடுத்தீர்கள். 9 × 30,000 = 2,70,000, அது சரியாக லெவல் 60-க்கான கணக்கு. ஆனால் திரையில் வருவது ட்ராக்லோக்தான். ஒரு ஏற்றத்துக்கு ஒரு படிதான் மாறும். இன்னொரு ரேர் கேண்டி கொடுத்தால் 61-இல் டிராகாபல்ட்.
- ஸ்கார்லெட், வயலெட்டில் முன்னே அனுப்பி தானாகச் சண்டை போட வைத்து லெவல் ஏற்றினால் உருமாற்றம் நடக்காது. சாதாரணச் சண்டையிலோ கேண்டியிலோ இன்னொரு லெவல் ஏற வேண்டும்.
- உருமாற்றத்தைத் தடுக்கும் எவர்ஸ்டோன் கையில் இருக்கிறதா? இனப்பெருக்கத்துக்காகக் கொடுத்து மறந்துபோன கல்லே பெரும்பாலும் குற்றவாளி.
- அவசரத்தில் பி பட்டனை அழுத்தினீர்களா? அப்படியானால் உருமாற்றம் ரத்தாகியிருக்கும், அடுத்த லெவலில் மறுபடி கேட்கும். ஏற்கெனவே லெவல் 100 ஆகிவிட்டால் பயப்பட வேண்டாம், ரேர் கேண்டி ஒன்று கொடுங்கள். லெவல் ஏறாது, ஆனால் உருமாறும்.

கேண்டிக் கணக்கு வேண்டுமென்றால்: 50-லிருந்து 60-க்கு 1,13,750 எக்ஸ்பி தேவை. எக்ஸ்எல் 3, எல் 2, எம் 1, எஸ் 1 என்றால் 1,13,800 வரும். ஐம்பதே ஐம்பது புள்ளி உபரி.

லெவல் ஏறிக்கொண்டே போகிறது, ஒரு மூவ்கூடக் கற்கவில்லை

ஆட்டம் பழுதில்லை. ட்ரீப்பிக்கு லெவல் ஏற்றத்தில் கற்க எதுவுமே இல்லை. அஸ்டானிஷ், இன்ஃபெஸ்டேஷன், குவிக் அட்டாக், பைட் என்ற நான்கும் லெவல் 1-லேயே கையில் இருக்கும், கதை அவ்வளவுதான். உண்மையில் வேண்டிய டிராகன் டான்ஸ் 42-இலும் ஃபாண்டம் ஃபோர்ஸ் 48-இலும் ட்ராக்லோக்கின் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் நீங்கள் ட்ராக்லோக் ஆகும்போதே லெவல் 50 தாண்டிவிட்டது. அந்த வண்டி போய்விட்டது என்றுதான் தோன்றும். போகவில்லை.

சோர்ட், ஷீல்டில் எந்தப் போக்கிமான் சென்டருக்குள் போனாலும் இடது பக்கக் கவுன்டரில் நிற்கும் ஆளிடம் மூவை நினைவுபடுத்தச் சொல்லுங்கள், காசு கிடையாது. ஸ்கார்லெட், வயலெட்டில் சம்மரியிலுள்ள மூவ் பக்கத்திலேயே எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். டிராகாபல்டாக மாறும் நேரத்தில் டிராகன் டார்ட்ஸ் கற்கவா என்று கேட்கும்போது "வேண்டாம்" என்று சொல்லிவிட்டவர்களும் இதே வழியில் அதைத் திரும்பப் பெறலாம்.

வேகமான பிராணி என்றார்கள், முந்திக்கொண்டு அடிக்கிறார்கள்

இது கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டிய இடம். ரேங்க் சண்டையில் எல்லாம் லெவல் 50-ஆக வைக்கப்படும். அந்தத் திரையில் உங்கள் ஸ்பீட் எண் என்ன?

213 என்றால் முழு வேகம்: ஜாலி அல்லது டிமிட் போன்ற வேகம் கூட்டும் நேச்சர், ஸ்பீடில் 31 ஐவி (பிறவிப் புள்ளி), 252 ஈவி (பயிற்சியால் சேரும் புள்ளி). 194 என்றால் ஈவி முழுதாக இருக்கிறது, ஆனால் நேச்சர் உதவவில்லை. 162 என்றால் ஈவியே போடவில்லை. 145 என்றால் நேச்சரே வேகத்தைக் குறைக்கிறது. இந்த நான்கைத் தவிர வேறு எண் வந்தால் ஐவி குறைவு, அல்லது ஈவி பாதியில் நிற்கிறது, அல்லது நேச்சரும் ஈவியும் ஒத்துப்போகவில்லை. ஸ்கார்லெட், வயலெட்டில் சம்மரியில் எல் பட்டனை அழுத்தினால் ஈவி படமாகத் தெரியும்.

சரிசெய்ய: நேச்சரின் விளைவை மாற்ற மின்ட் என்ற பொருள். சோர்ட், ஷீல்டில் பேட்டில் டவரில் 50 பிபி (பேட்டில் பாயின்ட்), ஸ்கார்லெட், வயலெட்டில் 20,000 பணம். ஈவிக்கு கார்போஸ், ஒன்றுக்கு 10 புள்ளி, பூஜ்யத்திலிருந்து 252-க்கு 26 வேண்டும். ஒவ்வொன்றும் 10,000 என்பதால் கை கடிக்கும். பவர் ஆங்க்லெட்டைக் கொடுத்து எதிரிகளை வீழ்த்தினால் ஒவ்வொரு முறையும் 8 புள்ளி உபரியாக வரும், அதுதான் மலிவு. ஐவிக்கு பாட்டில் கேப்: சோர்ட், ஷீல்டில் லெவல் 100, ஸ்கார்லெட், வயலெட்டில் 50 ஆனால் போதும்.

எண் 213-ஆக இருந்தும் பின்தங்கினால் வெளியில் பாருங்கள். எதிரி டெயில்விண்ட் போட்டிருந்தால் அவர்கள் வேகம் இரட்டிப்பு. அடிப்படை வேகம் 60 உள்ள சாதாரணப் பிராணிகூட முழு ஈவியில் 112, இரட்டித்தால் 224, உங்களைத் தாண்டிவிடும். சாய்ஸ் ஸ்கார்ஃப் வேகத்தை ஒன்றரை மடங்காக்கும். அடிப்படை 100 உள்ளது முழு வேகத்தில் 167, ஸ்கார்ஃபோடு 250. பாரலிசிஸ் பட்டால் உங்கள் வேகம் பாதி. மெதுவானவை முதலில் அடிக்கும் ட்ரிக் ரூம் இருந்தால் வேகமே சாபம், அந்த ஐந்து டர்னுக்கு டிராகாபல்டை வெளியே இழுத்துவிடுங்கள். இயல்பிலேயே முந்துகிறவை சில உண்டு: ரெஜிஎலெகியின் அடிப்படை 200, கிரௌன்ட் ஸ்வோர்ட் வடிவ ஸாசியனுடையது 148. அவற்றோடு ஓட்டப்பந்தயம் வேண்டாம்.

இன்டிமிடேட் வந்தால் அட்டாக் குறைகிறது, ஆனால் கிளியர் பாடி இருக்க வேண்டுமே

இன்டிமிடேட் என்பது எதிரியின் அட்டாக்கைக் குறைக்கும் எபிலிட்டி. கிளியர் பாடி உங்களுடையதில் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? டிராகாபல்டுக்கு மூன்று எபிலிட்டி. கிளியர் பாடி, எதிரி புள்ளிகளைக் குறைப்பதைத் தடுக்கும். இன்ஃபில்ட்ரேட்டர், சப்ஸ்டிட்யூட், ரிஃப்ளெக்ட், லைட் ஸ்கிரீன், அரோரா வெயில் எல்லாவற்றையும் ஊடுருவி அடிக்கும். மறைவு எபிலிட்டியான கர்ஸ்ட் பாடி, தன்னைத் தாக்கிய மூவை 30 சதவீத வாய்ப்பில் முடக்கும். முதல் இரண்டுக்கும் இடையே மாற்ற எபிலிட்டி கேப்சூல் போதும், மூன்றாவதற்கு எபிலிட்டி பேட்ச்.

இரட்டைச் சண்டையில் இன்டிமிடேட்டும் வேகத்தைக் குறைக்கும் ஐசி விண்டும் அடிக்கடி வருவதால் கிளியர் பாடி. ஒற்றைச் சண்டையில் சப்ஸ்டிட்யூட், ஸ்கிரீன் போடுகிறவர்கள் அதிகம், அங்கே இன்ஃபில்ட்ரேட்டர். கர்ஸ்ட் பாடியை நான் பரிந்துரைக்க மாட்டேன். 

கிளியர் பாடி இருந்தும் புள்ளி குறைந்தால், பெரும்பாலும் குறைத்தது நீங்களே. டிராக்கோ மீட்டியோர் தன் ஸ்பெஷல் அட்டாக்கை இரண்டு படி இறக்கும், அதை எபிலிட்டி தடுக்காது. பர்ன் பட்டு உடல் தாக்குதல் பாதியாவதும் புள்ளிக் குறைப்பு இல்லை, அதற்கும் பாதுகாப்பு கிடையாது. எதிரி மோல்ட் பிரேக்கர் (எதிராளியின் எபிலிட்டியைப் பொருட்படுத்தாமல் அடிக்கும் எபிலிட்டி) வைத்திருந்தால், அதன் மூவ்களுக்கு முன் கிளியர் பாடி இல்லாததற்குச் சமம்.

டிராகன் டார்ட்ஸ் ஒரு ஆளை மட்டும் அடிக்கிறது

டார்ட்ஸ் 50 பலத்தில் இரண்டு அடி. ஒற்றைச் சண்டையில் இரண்டும் ஒரே ஆள்மேல், ஆகமொத்தம் 100. இரட்டைச் சண்டையில் ஒரு ட்ரீப்பி இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம். யாரைக் குறிவைத்தாலும் இப்படித்தான். ஆனால் ஒரு எதிரி ப்ரொடெக்ட் (தற்காப்பு மூவ்) போட்டால் அல்லது டிராகன் அடி படாத ஃபேரி வகை என்றால் இரண்டு ட்ரீப்பியும் பக்கத்து ஆள்மேல் பாயும். அடிகளைத் தன் பக்கம் இழுக்கும் ஃபாலோ மீ போட்டவர் இருந்தால் இரண்டும் அவர்மேல். இது கோளாறு இல்லை, வசதி: பக்கத்தில் ஃபேரி நிற்பதைக் கண்டால் மற்றவருக்கு இரட்டை அடி விழும் என்று கணக்குப் போட்டு அடிக்கலாம்.

பரவலாக அடிக்கும் மூவ்களுக்கு இரட்டைச் சண்டையில் பலம் குறையும், டார்ட்ஸுக்குக் குறையாது. வைட் கார்டும் தடுக்காது. ஃபோகஸ் சாஷ், ஸ்டர்டி வைத்திருப்பவர் முதல் அடியில் 1 எச்பியில் நின்றால் இரண்டாவது அடி முடித்துவிடும்.

ஒற்றைச் சண்டையில் எதிரே ஃபேரி மட்டும் நின்றால் ஒன்றும் ஆகாது. ஸ்டீல் விங், ஃபிளேம்த்ரோவர், தண்டர்போல்ட் என்று வேறொன்று நான்காவது இடத்தில் இருக்க வேண்டும். சாய்ஸ் பேண்டைக் கட்டிவிட்டு டார்ட்ஸ் அடித்தால் அடுத்த டர்னில் ஒரு ஃபேரி சிரித்துக்கொண்டே உள்ளே வரும். அப்போது வேறு மூவைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்றால் அது பேண்டின் வேலை. வெளியே போய்த் திரும்பி வருவதுதான் வழி.

கோஸ்ட் அடி சப்பையாக இருக்கிறது

உண்மையான பலவீனம் இதுதான், ஒப்புக்கொள்ள வேண்டியது. 120 அட்டாக் இருந்தும் உடல் வகையில் நம்பக்கூடிய கோஸ்ட் மூவ் ஃபாண்டம் ஃபோர்ஸ் ஒன்றுதான். பலம் 90, ஆனால் ஒரு டர்ன் மறைந்து அடுத்த டர்னில்தான் அடிக்கும். அந்த இடைவெளியில் எதிரி நிதானமாக ஒரு நார்மல் வகையை உள்ளே கொண்டுவந்து நிறுத்திவிடுவார்.

வழிகள்: பவர் ஹெர்ப் கொடுத்தால் ஒரே ஒரு தடவை உடனே அடிக்கும். ஸ்கார்லெட், வயலெட்டில் டெரா வகையை (சண்டை நடுவே பிராணி மாறக்கூடிய வகையை) கோஸ்டாக்கி டெரா பிளாஸ்ட் கற்றுக்கொடுங்கள். டெரா ஆன பிறகு அது கோஸ்ட் வகை மூவ் ஆகும், உங்கள் அட்டாக் கூடுதலாக இருப்பதால் உடல் அடியாக விழும். சொந்த வகையிலேயே டெரா ஆவதால் ஒன்றரை மடங்குக்குப் பதில் இரட்டிப்பு. கூடவே ஐஸ், டிராகன், ஃபேரி பலவீனங்கள் கழன்றுவிடும். டெரா வகையை மாற்ற மெடாலியிலுள்ள ட்ரெஷர் ஈட்டரியில் அந்த வகை டெரா ஷார்ட் 50 கொடுக்க வேண்டும். ஜாக்கிரதை, டெரா ஆவதற்கு முன் டெரா பிளாஸ்ட் வெறும் நார்மல் மூவ்.

ஸ்பெஷல் பக்கம் போனால் வில்-ஓ-விஸ்ப், ஹெக்ஸ் ஜோடி. ஹெக்ஸ் சாதாரணமாக 65, எதிரிக்குத் தீப்புண் இருந்தால் 130. விஸ்ப் 85 சதவீதம்தான் படும், ஃபயர் வகைக்குப் படவே படாது. இன்ஃபில்ட்ரேட்டர் இருந்தால் சப்ஸ்டிட்யூட்டுக்குப் பின்னால் ஒளிந்தவரையும் எரிக்கலாம்.

ஒரே அடியில் சாய்கிறது

டார்க், கோஸ்ட், டிராகன், ஐஸ், ஃபேரி என்று ஐந்து பலவீனம், 75 தற்காப்பு. இதைத் தடுப்புச் சுவராக நிறுத்துவது நியாயமில்லை. வேகத்தில் முந்தினாலும் முன்னுரிமை மூவ்கள் உங்களை முந்தும்: சக்கர் பஞ்ச் (70 பலம், டார்க்), ஷேடோ ஸ்னீக், ஐஸ் ஷார்ட். சக்கர் பஞ்ச் வரும் என்று மோப்பம் பிடித்தால் அந்த டர்னில் தாக்காமல் டிராகன் டான்ஸோ விஸ்ப்போ போடுங்கள், அது வீணாகிவிடும். ஃபேக் அவுட், எக்ஸ்ட்ரீம் ஸ்பீட், மாக் பஞ்ச் பற்றிக் கவலையே வேண்டாம். நார்மலும் ஃபைட்டிங்கும் இதன்மேல் படாது.

மிதக்கிறது, ஆனால் எர்த்குவேக் படுகிறது

படம்தான் மிதக்கிறது. லெவிடேட் எபிலிட்டியும் இல்லை, ஃப்ளையிங் வகையும் இல்லை. ஆகவே எர்த்குவேக் படும், ஸ்பைக்ஸ் குத்தும், ஸ்டிக்கி வெப் விரிப்பில் இறங்குவதாகத்தான் கணக்கு (வேகக் குறைப்பைக் கிளியர் பாடி தடுத்துவிடும்). ஒரு லாபம் உண்டு: சைக்கிக் டெரெய்ன் இருக்கும்போது தரையில் நிற்பதாகக் கொள்ளப்படுவதால் எதிரியின் சக்கர் பஞ்ச் இதைத் தொடாது.

சொன்ன பேச்சைக் கேட்கவில்லை

ஸ்கார்லெட், வயலெட்டில் பேட்ஜ் இல்லாதவருக்கு லெவல் 20 வரை பிடித்தவைதான் கீழ்ப்படியும். ஒவ்வொரு பேட்ஜுக்கும் 5 கூடி, ஏழாவதில் 55, எட்டாவதில் எல்லாமே. பிடித்தபோதிருந்த லெவல்தான் கணக்கு, இப்போதைய லெவல் இல்லை. பரிமாற்றத்தில் வந்தது என்றால் கையில் வந்தபோதிருந்த லெவல். லெவல் 60 டிராகாபல்டை ஆரம்பத்திலேயே பரிசாக வாங்கினால் அது தூங்கும். முட்டையாக வாங்கி வளர்த்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஹோம் வழியாகக் கொண்டுவந்தேன், மூவ்களைக் காணோம்

ஆட்டங்களுக்கு இடையே பிராணிகளை மாற்ற உதவும் போக்கிமான் ஹோம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித்தனி மூவ் பட்டியல் வைத்திருக்கும். சோர்டில் கற்பித்தது ஸ்கார்லெட்டுக்கு வராது, சோர்டுக்குத் திரும்பினால் பழையபடி இருக்கும். புது ஆட்டத்தில் நினைவுபடுத்தியும் டிஎம் (மூவ் கற்பிக்கும் பொருள்) கொடுத்தும் மறுபடி கற்பியுங்கள். ஈவி, நேச்சர், மின்ட் மாற்றம் எல்லாம் கூடவே வந்துவிடும். பிரில்லியன்ட் டயமண்ட், ஷைனிங் பேர்லுக்கு இந்த வரிசையை அனுப்ப முடியாது.